பேர்க்கூலி

வேடியப்பன் எப்போது சாவான் என்று காத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது.

கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் கச்சேரி செய்கிறவர்கள், போனில் ஆடிப் படம் போடுகிற பெண் பிள்ளைகள், பழைய பாட்டைப் பிரித்துக் கோத்துப் புதுசாக்குகிற பையன்கள். ஸ்பீக்கர், பேட்டரி, தண்ணீர் கேன் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. அவர்களை நம்பி ஒரு டீக்கடையும் ஒரு பிரியாணிக் கடையும் வந்துவிட்டன. வேடியப்பன் மூச்சு நின்றால் அந்தக் கணமே அவன் பாட்டு நாடு முழுக்கப் பூட்டுத் திறந்துகொள்ளும். முதலில் எடுத்து முதலில் போடுகிறவனுக்குத்தான் பேர். அதனால் மழை பெய்தாலும் கூட்டம் அசையவில்லை.

சாயங்காலம் வேலை விட்டு மாதம்மா வந்தாள். கணுக்காலில் சிமெண்டு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. கூட்டம் எழுந்து வழி விட்டது. சாகக் கிடக்கிறவன் பெண்டாட்டி என்கிற மரியாதை.

"வாங்கம்மா. அய்யா எப்படி இருக்காரு?" என்றான் ரோஷன். சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டுப் பாட்டுப் பக்கம் வந்தவன். அந்தக் கூட்டத்தில் அவளிடம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவன் அவன் ஒருத்தன்தான்.

"உசுரோடதான் இருக்காரு. உனக்கு வருத்தமாத்தான் இருக்கும்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா."

"வேற எப்படிச் சொல்லச் சொல்ற? மூணு மழைக்காலமா இங்கயே உக்காந்திருக்க. அதுக்குள்ள சொந்தமா ஒரு பாட்டு கட்டியிருக்கலாமே?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரோஷன் சிரிக்கவில்லை. "கட்டினா அதையும் கம்பெனிக்காரங்கதாம்மா வாங்குவாங்க. எனக்கும் கையில ஒரு நாடிப்பட்டை மாட்டிவிடுவாங்க. அப்புறம் என் வாசல்ல ஒரு கூட்டம் உக்காரும்."

மாதம்மா உள்ளே போனாள்.

சட்டம் நல்லதுக்குத்தான் வந்தது. முன்னெல்லாம் பாட்டுக் கட்டினவன் செத்த பிறகும் அறுபது வருஷம் அந்தப் பாட்டு கம்பெனியிடம்தான் கிடக்கும். ஒவ்வொரு போனுக்கும் கம்பெனி காது வைத்த பிறகு நிலைமை இன்னும் மோசம். வேலையிடத்தில் எவளாவது அலுப்புக்கு ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தால் போதும், மேஸ்திரியின் கணக்கில் கட்டணம் விழும். "ஏ, வாய மூடிக்கிட்டு சட்டியத் தூக்குங்கடி" என்று கத்துவார். கடைசியில் ஊர் உலகம் எல்லாம் சேர்ந்து போராடி, கட்டினவன் உயிர் இருக்கிறவரைக்கும்தான் உரிமை, அதற்கப்புறம் பாட்டு எல்லாருக்கும் என்று ஆக்கினார்கள். செத்தவன் பேரைச் சொல்லிப் பிழைப்பது நின்றால் இருக்கிறவன் புதுசாக எதையாவது செய்வான் என்றார்கள். கட்டினவன் கையில் ஒரு நாடிப்பட்டை கட்டுவார்கள். நாடி நின்றதும் பூட்டு தானே விட்டுவிடும். அன்றைக்கு சைட்டில் வெடி வெடித்தார்கள். மாதம்மாவும்தான் ஆடினாள். ஒரே வாரத்தில் செத்துப்போனவர்கள் பாட்டெல்லாம் திரும்பி வந்து, செங்கல் சூளை முதல் பேருந்து வரைக்கும் பாட்டாகவே கிடந்தது.

கம்பெனிக்காரன் கொஞ்ச நாள்தான் யோசித்தான். உயிர் இருக்கிறவரைக்கும்தானே உரிமை? சரி, உயிரை இருக்கவைப்போம்.

கண்ணாடி அறைக்குள் வேடியப்பன் கிடந்தான். சிமெண்டுத் தூள் தின்று நுரையீரல் கல்லாகி வெகுநாள் ஆயிற்று. நெஞ்சை ஏற்றி இறக்குவது மெஷின். மூத்திரம் பிரிப்பது இன்னொரு மெஷின். கையில் பட்டை. பட்டையில் பச்சை விளக்கு துடித்தது.

"வாங்க மாதம்மா" என்று ரம்யா வந்தாள். கம்பெனி ஆள். நோயாளி வீட்டாரோடு பேசிப் பழகுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். நல்ல பெண்தான், குரல் ஏறாது. "நல்ல சேதி. போன வருஷத்தைவிட கிட்னி நல்லா வேலை செய்யுது."

"கிட்னி நல்லாருக்குது. மனுசன் எங்க?"

"அப்படிப் பேசக்கூடாது. எவ்வளவு பேருக்கு இந்த மாதிரி வைத்தியம் கிடைக்குது?"

"விட்டுருங்கம்மா. போதும்."

"எங்களைக் கொலை பண்ணச் சொல்றீங்களா?" ரம்யாவின் கண் நிஜமாகவே கலங்கியது. "அவர் உயிரோட இருக்கணும்னு இந்த உலகத்துல எங்களை மாதிரி யாரும் ஆசைப்படல. நீங்க உட்பட."

அவள் போன பிறகு மாதம்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள். வேடியப்பனின் வலது கை கவிழ்ந்து, போர்வையை இரண்டு தட்டுத் தட்டியது. நின்றது. மறுபடியும் இரண்டு தட்டு.

கான்கிரீட் மிக்சர் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. கையால்தான் பேச்சு. விரலை மடக்கினால் தண்ணீர். கையை மல்லாத்தினால் இன்னும் போடு. உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினால், போதும், மிக்சரை நிறுத்து.

நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அது சும்மா நரம்பு இழுக்குறதும்மா, அவருக்கு நினைவு கிடையாது" என்றாள் நர்ஸ். டாக்டரும் வந்து அதையேதான் சொன்னார். மாதம்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

டீக்கடை பெஞ்சில் ரோஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்தப் பாட்டு அந்த ஆளு ஒருத்தரு கட்டினதில்ல."

ரோஷன் டீயைக் கீழே வைத்தான்.

"நாங்க எல்லாரும் கட்டினது. பதினஞ்சு வருசத்துக்கு முன்ன, பம்ப் வண்டி நுழையாத சந்துல ஒரு மாடி வூட்டுக்கு ரூஃப் போட்டோம். ஏணி மேல வரிசையா நின்னு சட்டி மாத்துவோம். ஆளுக்கு ஒரு அடி சொல்லணும், சட்டி கை மாறுற மாதிரி. யாரோ அதப் படம் புடிச்சிப் போட்டுட்டாங்க, ஊரெல்லாம் பரவிடுச்சி. கம்பெனிக்காரங்க வந்து, யாரு கட்டினதுன்னு கேட்டாங்க. அந்த ஆளு அப்ப ரத்தமா இருமிக்கிட்டு தகரக் கொட்டாயில படுத்திருந்தாரு."

"அதுக்கு?"

"பேர்க்கூலி தெரியாதா உனக்கு? எங்க கேங்குல ரூஃப் போடுற அன்னிக்கு ஒருத்தன் முடியாம படுத்துட்டா, அவன் பேர விட மாட்டோம். வரிசையில அவன் பேரச் சொல்லிட்டுத்தான் சட்டி தூக்குவோம். அவன் கூலி அவன் வூட்டுக்குப் போயிரும். ஒரு பேர விட்டுட்டு ரூஃப் போட்டா ரூஃப் நிக்காதுன்னு ஒரு பயம். அந்த மாதிரிதான், அவரு பேரச் சொன்னோம். ஆஸ்பத்திரி செலவெல்லாம் கம்பெனி பாக்கும்னாங்க. சாமியே வந்து நின்ன மாதிரி இருந்துது. வைத்தியம் பண்ணி நடமாடத்தான் வெச்சாங்க, மெஷின்ல போட்டது இப்ப மூணு வருசமாத்தான்."

ரோஷன் எழுந்து நின்றான். உட்கார்ந்தான். "அம்மா, எல்லாரும் சேர்ந்து பாடினது, யாரு கட்டினதுன்னு இல்லாததுன்னா அது நாட்டுப்புறப் பாட்டு. அதுக்குப் பூட்டே கிடையாது. பூட்டு இல்லன்னா அய்யா உசுர அவங்க புடிச்சி வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல. மறுநாளே விட்டுருவாங்க."

"பாட்டும் உனக்குக் கிடைச்சிரும்."

"கிடைக்கும்" என்றான். மறைக்கவில்லை. அதனாலேயே அவளுக்கு நம்பிக்கை வந்தது.

பாட்டுரிமை மன்றத்தில் வந்து சாட்சி சொல்ல மேஸ்திரி முனிரத்தினம் முதலில் மறுத்தார். "அன்னிக்கு ஒருத்தன் கட்டினதுன்னு சொல்லிட்டு இன்னிக்கு இல்லங்கிறதா? பொய் சொன்னதுக்கு உள்ள புடிச்சிப் போட்டான்னா?"

"போட்டா ரூஃப் ஒழுவாம இருக்கும், சோறு போடுவான். இப்ப இருக்கிற கொட்டாய விட மோசமா?" என்றாள் கேங்கில் பெரியவளான கெங்கம்மா. எல்லாரும் சிரித்தார்கள். மாதம்மா வேடியப்பன் கை போர்வையில் தட்டினதைச் சொன்னாள். கவிழ்த்த கை, இரண்டு தட்டு. சிரிப்பு நின்றது. மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மிக்சர நிறுத்துங்கிறான். நாம கேக்காத மாதிரி நிக்கிறோம்" என்றார். "என் பழைய போன்ல அன்னிக்குப் பாடினது முழுசா இருக்குது. எடுத்தாரேன்."

பாட்டுரிமை மன்றத்தில் ரோஷனை உள்ளே விடவில்லை. கட்டினவர்களும் கம்பெனியும் மட்டும்தான். வாசலிலேயே எல்லார் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேஸ்திரியின் போனை மட்டும் மன்றத்துத் தலைவரின் மேஜைக்கு எடுத்துப்போனார்கள்.

ரம்யா எதிர்த்துச் சண்டை போடுவாள் என்று மாதம்மா இராத்திரியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். ரம்யா சண்டையே போடவில்லை. கெங்கம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். எல்லாருக்கும் டீ வரவழைத்தாள். "கம்பெனிக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. உண்மை எதுவோ அது பதிவாகட்டும்" என்றாள்.

போனை ஓடவிட்டதும் அறை முழுக்க அந்த நாள் வந்து நிறைந்தது. மிக்சர் சத்தம். சல்லி உருளும் சத்தம். அதற்கு மேல்,

ஏறுது பார் ஏறுது பார்
சல்லிச் சட்டி ஏறுது பார்
எவன் வூட்டு மேல ஏறுது பார்?
எவனோ வூட்டு மேல ஏறுது பார்.

இத்தனை வருஷமாக அந்தப் பாட்டை அவர்கள் வாய்விட்டுப் பாடினதில்லை. பாடினால் கட்டணம். தான் கட்டின பாட்டைத் தானே கேட்கக் காசில்லாமல் கிடந்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. கெங்கம்மாவின் கை தானாகச் சட்டி வாங்குவதுபோல நீண்டது.

மன்றத்து மெஷின் குரல்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தது. தலைவர் கேட்டார். "முதல் குரல் யாருடையது என்று தெரியுமா? தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம்."

"தெரியாம என்னாங்க! அது கெங்கம்மா" என்றார் மேஸ்திரி.

"இரண்டாவது?"

"நான்தானுங்க. தொண்ட கட்டியிருந்துது."

"மூன்றாவது?"

மேஸ்திரியின் உதடு கோணியது. "சின்னராசு. என் தம்பி. அடுத்த வருசம் சாரத்துலேர்ந்து வுழுந்துட்டான்." சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். "அவன் பேரையும் எழுதிக்குங்க அய்யா. விட்டுராதீங்க."

அதற்கப்புறம் யாருக்கும் தடையில்லை. இது யார், அது யார் என்று ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு சொன்னார்கள். செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பவர்கள் என்று ஒருத்தர் பேரும் விடுபடவில்லை. ரூஃப் போடுகிற நாள் காலையில் பேர் சொல்லுவதுபோல முறையாகச் சொன்னார்கள். வேடியப்பன் குரலும் வந்தது. ஒரே ஓர் அடி, அதுவும் இருமலோடு.

கடைசியில் ஒரு சின்னக் குரல். மணல் மேட்டிலிருந்து கத்தினது.

நம்ம வூட்டுல நட்சத்திரம் ஒழுவுது பார்.

அந்த ஓர் அடிதான் உலகம் முழுக்கச் சுற்றினது. வெளிநாட்டில் சட்டையில்கூட அதை அச்சடித்துப் போட்டிருந்தார்கள். ஓட்டைத் தகரத்துக்குக் கீழே படுத்திருந்தவன் எழுதின மகா வரி என்று பெரிய பெரிய ஆட்கள் பேசியிருந்தார்கள்.

"இந்தக் குரல்?"

ரம்யா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

மாதம்மாவின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "என் பொண்ணுங்க, வெண்ணிலா. அப்ப அதுக்கு மூக்கு ஒழுவினா துடைக்கத் தெரியாது. எங்க கூடச் சேந்து அதுவும் ஒரு அடி சொல்லிச்சி. எல்லாரும் சட்டியக் கீழ வெச்சிட்டுச் சிரிச்சோம்."

"பதிவாகிவிட்டது" என்றார் தலைவர்.

மறுநாள் காலையிலேயே ரம்யாவிடமிருந்து போன் வந்தது. அவரை விட்டுவிட டாக்டர்கள் சம்மதித்துவிட்டார்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கலாம் என்றாள். மூன்று மழைக்காலமாகக் கொலை என்று சொன்னதை ஒரே காலையில் கருணை என்று சொன்னாள். மாதம்மா அதைப் பற்றி நினைக்கவில்லை. கிடைத்ததே போதும் என்றிருந்தது.

குழாய்களை எடுத்தார்கள். அவனுடைய சொந்த மூச்சு ஒன்று வந்தது. பழைய கதவு திறக்கிற சத்தம். மாதம்மா அவன் கை மேல் தன் கையைக் கவிழ்த்து, தெரிந்துவிட்டது என்று சொல்வதுபோல இரண்டு தட்டு தட்டினாள். வெண்ணிலா அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் பட்டையில் பச்சை விளக்கு அணைந்தது.

வெளியே கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. ஸ்பீக்கர்கள் உறுமிக்கொண்டிருந்தன. சேதி வந்ததும் ஒரு கூச்சல் எழுந்தது. எழுந்த கூச்சல் பாதியிலேயே அடங்கியது. யாருடைய போனிலும் பூட்டுத் திறக்கவில்லை. உரிமை நடப்பில் உள்ளது என்று சிவப்பு எழுத்து நின்றது.

மாதம்மா வெளியே வந்தபோது ரோஷன் குறுக்கே வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"உள்ள என்னம்மா சொன்னீங்க?"

"நடந்தது சொன்னோம். எல்லாரும் சேந்து கட்டினதுன்னு."

"யாரு கட்டினதுன்னு கேட்டப்ப?"

"பேரச் சொன்னோம்."

"எல்லார் பேரையுமா?"

"ஒருத்தர விடாம."

ரோஷன் ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்துவிட்டான். "தெரியாதுன்னு சொல்லியிருந்தா அது நாட்டுப்புறப் பாட்டும்மா. பேரச் சொல்லிட்டா கூட்டுப் பாட்டு. கூட்டுப் பாட்டுல கடைசி ஆளு சாகுற வரைக்கும் உரிமை உண்டு." அவன் குரல் இறங்கியது. "சொன்னதுல ரொம்பச் சின்னவங்க யாரு?"

மாதம்மா பின்னால் வந்துகொண்டிருந்த வெண்ணிலாவைத் திரும்பிப் பார்த்தாள். ரோஷனும் பார்த்தான். கூட்டத்தில் இன்னும் சிலர் பார்த்தார்கள். அந்தப் பார்வையை மாதம்மாவுக்குத் தெரியும். மூன்று மழைக்காலமாகப் பார்த்த பார்வை.

"போங்கடா!" என்று கத்தினாள். "போயி ஆளுக்கொரு பாட்டு கட்டுங்கடா, பொணம் தின்றவனுங்களா!"

ஒவ்வொருத்தராகப் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. வெண்ணிலாவுக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருந்தது.

சுடுகாட்டுக்குத் தூக்கும்போது மேஸ்திரி பழக்கத்தில் முதல் அடியை எடுத்துவிட்டார். ஏறுது பார். அவர் சட்டைப் பையில் போன் கிணுகிணுவென்று எச்சரித்தது. வாயை மூடிக்கொண்டார். வேடியப்பனைப் பாட்டில்லாமல்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காரியத்தன்று ரம்யா வந்தாள். வெள்ளைப் புடவை கட்டி, முறை தெரிந்தவள்போல வந்தாள். மாலை போட்டாள். கம்பெனி ஒன்றும் பழசை மறக்காது, பங்கு எல்லார் வீட்டுக்கும் வரும் என்றாள். பிறகு கைப்பையிலிருந்து பட்டையை எடுத்தாள். இளநீல நிறம், பூப் போட்டது.

"பொண்ணுன்னு பாத்து எடுத்தேன்" என்றாள்.

வெண்ணிலா அடுக்குமாடிகளில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு வெள்ளையடிக்கிற வேலைக்குப் போகிறவள். அவள் கேங்கில் அந்த உயரத்துக்கு ஏறுகிற ஒரே பெண். மேலேயிருந்து பார்த்தால் ஊர் கொட்டிவைத்த சல்லி மாதிரி இருக்கும் என்று வந்து சொல்லுவாள்.

"இனிமே கயித்துல ஏற வேணாம். பைக் ஓட்ட வேணாம். காய்ச்சல்னா ஒரு மணி நேரத்துல வண்டி வரும். கல்யாணம், பிரசவம் எல்லாத்துக்கும் எங்க ஆஸ்பத்திரிதான். நீங்க நூறு வயசு இருப்பீங்க, நாங்க பாத்துக்குவோம்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். "குடுத்து வச்ச பொண்ணு" என்றாள் ஒருத்தி, நிஜமாகவே.

"வேணாம்னா?" என்றாள் வெண்ணிலா.

"வேணாம்னு சொல்ற மாதிரி சட்டத்துல இடமில்லம்மா. உங்க நல்லதுக்குத்தான்."

"இத எப்பக் கழட்டுவீங்க?"

ரம்யா மெல்ல அவள் கையைப் பிடித்துப் பட்டையை மாட்டினாள். கிளிக்கென்றது. பச்சை விளக்கு துடிக்க ஆரம்பித்தது.

எல்லாரும் போன பிறகு வெண்ணிலா தகரச் சுவரில் சாய்ந்தவாக்கில் தூங்கிப்போனாள். அழுத களைப்பு. கூரை ஓட்டை வழியாக மத்தியான வெயில் பொட்டுப் பொட்டாக அவள் மேல் விழுந்திருந்தது. மாதம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பட்டையைப் பார்த்தாள். பச்சை, அணைந்து, பச்சை.

கை தானாகக் கவிழ்ந்தது. அந்த விளக்கின் மேல் ஒரு தட்டு தட்டிவிட்டாள்.

இரண்டாவது தட்டுக்குத் தூக்கிய கை அப்படியே நின்றது. நிறுத்து என்று எதைச் சொல்ல வந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.